சரக்குக்கு உண்டு, எங்களுக்கு? – இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நிறுவனங்களுக்கு இடையே வணிகப் போட்டி செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. தில்லி கிழக்கு கித்வாய் நகரில் உள்ள உங்கள் அலுவலகம் என் வாடகை வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம்தான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கும் என் ஊருக்குத்தான் நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை.

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை, அப்பா போய்விட்டார் என்று தம்பி கூப்பிட்டான். சென்னைக்குக் காலை விமானத்தில் இடம் இருந்தது. கட்டணம் 21,000 ரூபாய். என் சம்பளத்தில் பாதிக்கு மேல். மற்ற நிறுவனங்களையும் பார்த்தேன். பெயர் மாறியது, தொகை மாறவில்லை. கொஞ்சம் பொறுத்தால் குறையுமோ என்று ஒரு மணி நேரம் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி பார்த்தபோது 27,000, அதுவும் மதிய விமானத்துக்கு. சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டு வாசலை மிதித்தபோது நள்ளிரவு. அடைமழை. மழை வலுக்கும் முன் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூத்த மகன் நான் இருக்க, தம்பி கொள்ளி வைத்திருந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு.

2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று ஏர் இந்தியா–விஸ்தாரா இணைப்புக்கு நீங்கள் ஒப்புதல் தந்தீர்கள். 2024 நவம்பரில் விஸ்தாரா என்ற பெயரே மறைந்தது. இன்று உள்நாட்டில் பறக்கும் நூறு பேரில் ஏறத்தாழ தொண்ணூறு பேர் இரண்டே குழுமங்களின் விமானங்களில் ஏறுகிறார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

புதிதாக ஒருவர் விமானம் வாங்கிவிடலாம். தில்லியிலும் மும்பையிலும் காலை ஏழு மணிக்கு அதைக் கிளப்ப ஸ்லாட், அதாவது விமானம் கிளம்பவோ இறங்கவோ ஒதுக்கித் தரும் நேரம், எங்கே கிடைக்கும்? ஒதுக்கிய ஸ்லாட்டில் எண்பது விழுக்காட்டைப் பயன்படுத்தினால் அடுத்த பருவத்திலும் அது பழையவருக்கே. வருகிறவருக்கு மிஞ்சுவது பேய் உலாவும் நேரம். ஸ்லாட்டை ஒதுக்குவது உங்கள் வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இணைப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, திருத்தம் சொல்ல உங்கள் சட்டத்தின் 31ஆம் பிரிவு இடம் தருகிறது. இணைப்பு வேண்டுமென்றால் நெரிசல் நேரத்து ஸ்லாட்டுகளில் ஒரு பங்கைக் கீழே வை என்று சொல்லுங்கள். தென்கொரிய விமான நிறுவனங்களான கொரியன் ஏர் – ஏசியானா இணைப்பில் ஐரோப்பிய ஆணையம் நான்கு ஐரோப்பியத் தடங்களை இன்னொரு நிறுவனத்துக்கு விடச் சொன்னது. விட்டார்கள்.

இதே விஸ்தாரா இணைப்பைச் சிங்கப்பூரின் போட்டி ஆணையமும் ஆராய்ந்தது. சிங்கப்பூரிலிருந்து மும்பை, தில்லி, சென்னை வரும் தடங்களோடு எங்கள் திருச்சித் தடத்திலும் போட்டி குறையுமே என்று கவலைப்பட்டு, இருக்கைகளைக் குறைக்கக் கூடாது, தனித் தணிக்கையாளர் பார்ப்பார் என்று நிபந்தனை வைத்தது. திருச்சிக்காகச் சிங்கப்பூர் கவலைப்படுகிறது! நீங்களும் நிறுவனங்கள் தாமாகத் தந்த உறுதிமொழிகளை ஏற்றுத்தான் ஒப்புதல் தந்தீர்கள். அவை காப்பாற்றப்படுகின்றனவா என்று தேடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

உங்களுக்குக் கோபமே வராது என்று சொல்லமாட்டேன். விமானச் சரக்குக்கு எரிபொருள் கூடுதல் கட்டணத்தைக் கூடிப் பேசி வைத்தார்கள் என்று 2015இல் மூன்று நிறுவனங்களுக்குச் சுமார் 258 கோடி ரூபாய் அபராதம் போட்டீர்கள். மேல்முறையீட்டில் அது ரத்தானது. விடாமல் 2018இல், தொகை குறைந்தாலும், மறுபடி போட்டீர்கள். அடுத்த பிறவியில் அட்டைப்பெட்டியாகப் பிறந்து வந்து முறையிடலாம் என்று இருக்கிறேன்.

மன்னிக்க வேண்டும், எழுத்து தடம் மாறிவிட்டது. கேட்பது இவ்வளவுதான். அடுத்த இணைப்பு வரும்போது ஸ்லாட்டைக் கேட்டு வாங்குங்கள். விஸ்தாரா இணைப்பில் பெற்ற உறுதிமொழிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை, தடம் வாரியாக, எங்களைப் போன்றவர்களும் படிக்கும்படி வெளியிடுங்கள். தயவுகூர்ந்து அதைத் தமிழிலும் வெளியிட்டால், ஊரில் தம்பிக்குப் படித்துக் காட்டுவேன்.

பணிவுடன்,
தில்லி–சென்னைத் தடத்துப் பயணி ஒருவன்