செயலாளரின் ஆண்டறிக்கை: சார்ஜிங் மேசை பற்றி

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. தீர்மானக் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது, யாரும் புரட்டிப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, நம் மாதிரி விமானக் கழகத்தில் பேட்டரிகளுக்கு மின்னேற்றும் சார்ஜிங் மேசைக்கே ஒதுக்கியிருக்கிறேன். சிறு ட்ரோன்களும் உள்ளரங்க விமானங்களும் பெருகிவிட்டதால், ஒரே உறுப்பினர் ஆறு, எட்டு 1எஸ் (ஒரே செல் கொண்ட) லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளோடு வருவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றினால் ஒரு பொழுதே போய்விடும். அதனால் பல பேட்டரிகளைப் பக்க இணைப்பில் சேர்த்து ஒரே சார்ஜரால் ஏற்றும் பேரலல் போர்டு மேசையில் நிரந்தரமாகிவிட்டது. அதற்கான விதிகளைக் காரணத்தோடு எழுதி வைப்பது அவசியம் என்று செயற்குழு கருதியது. காரணம் தெரியாத விதியை அவசரத்தில் முதலில் கைவிடுவோம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, போர்டில் செருகும் முன் வோல்டேஜ் பார்ப்பது. பக்க இணைப்பில் சேர்ந்த கணமே, சார்ஜரை இயக்காவிட்டாலும், நிறைந்த பேட்டரி குறைந்த பேட்டரிக்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். அந்த ஓட்டத்தைச் சார்ஜரால் கட்டுப்படுத்த முடியாது. 300 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்றின் உள்தடையை, கனெக்டரையும் சேர்த்து, 50 மில்லி ஓம் என்று கொள்வோம். ஒன்று 4.2 வோல்ட், மற்றது 3.7 வோல்ட் என்றால் வித்தியாசம் 0.5 வோல்ட், மொத்தத் தடை 100 மில்லி ஓம். முதல் கணத்தில் 5 ஆம்பியர் பாயும். அந்தப் பேட்டரிக்கு 1சி, அதாவது முழுக் கொள்ளளவையும் ஒரு மணி நேரத்தில் நிரப்பும் மின்னோட்டம், வெறும் 0.3 ஆம்பியர். இதைவிட மோசம், நிறைந்தவை ஐந்தோடு காலியானது ஒன்றைச் செருகுவது. ஐந்தின் தடையும் பக்க இணைப்பில் 10 மில்லி ஓமாகச் சுருங்கிவிட, 8 ஆம்பியருக்கு மேல் அந்த ஒன்றுக்குள்ளேயே இறங்கும். பறந்து முடித்ததையும் பறக்காததையும் கலந்து செருகும்போது நடப்பது இதுதான்.

ஆகவே மேசை விதி: ஒரு செல்லுக்கு 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது. 300 எம்.ஏ.எச். போன்ற சிறியவற்றுக்கு 0.05 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. 3.7 வோல்ட்டுக்கும் 3.8 வோல்ட்டுக்கும் நடுவில் லிப்போவின் மின்னேற்ற-வோல்டேஜ் வளைகோடு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். அந்த இடத்தில் 0.1 வோல்ட் என்பது கொள்ளளவில் பெரிய வித்தியாசம். இறங்கிய சூட்டோடு அளந்தாலும் தவறும், ஏனெனில் ஓய்வில் வோல்டேஜ் மீண்டும் ஏறும். தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகு அளக்கவும். குறைவாக உள்ளதை முதலில் தனியே ஏற்றி, மற்றவற்றின் அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு சேர்க்கவும்.

கொள்ளளவு மாறுபடலாம், செல் எண்ணிக்கை மாறக் கூடாது. ஆறு 300 எம்.ஏ.எச். பேட்டரிகள் சேர்ந்தால் சார்ஜருக்கு அது 1800 எம்.ஏ.எச். கொண்ட ஒரே 1எஸ் பேட்டரி. 1சி என்றால் 1.8 ஆம்பியர். நான்கு 450 எம்.ஏ.எச். 3எஸ் என்றாலும் ஆம்பியர் அதே 1.8, ஆனால் 12.6 வோல்ட்டில் சுமார் 23 வாட் தேவை. சார்ஜர் அந்த வாட்டைத் தராவிட்டால் மெதுவாக ஏற்றும், கெடுதல் இல்லை. எட்டு பேட்டரிக்குக் கணக்கிட்ட ஆம்பியரை மாற்றாமல் இரண்டை மட்டும் செருகினால்தான் ஆபத்து: ஒவ்வொன்றுக்கும் 4சி போகும்.

எச்.வி. (உயர் வோல்டேஜ்) என்று அச்சிட்டவை 4.35 வோல்ட் வரை ஏற்றத்தக்கவை. சாதாரண லிப்போவின் உச்சம் 4.20. இரண்டையும் ஒரே போர்டில் வைக்கக் கூடாது. சார்ஜரில் லிப்போ முறை தேர்வாகியிருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத் தொடங்கவும். நிக்கல் பேட்டரி முறையில் லிப்போவை வைத்தால் சார்ஜர் 4.2 வோல்ட்டில் நிற்காது, மேலே ஏற்றிக்கொண்டே போகும்.

2எஸ், 3எஸ் பேட்டரிகளுக்கு முதலில் மெயின் ஒயர், பிறகு ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனியே பார்க்க உதவும் பேலன்ஸ் ஒயர். கழற்றும்போது தலைகீழ். பேலன்ஸை முதலில் செருகினால் சமனாகும் மின்னோட்டம் முழுவதும் அந்த மெல்லிய ஒயர்கள் வழியே ஓடி, காப்புறை உருகும். 1எஸ்-இல் வேறு கவலை: சிறு கனெக்டர்களை அழுத்தினால் தலைகீழாகவும் புகுந்துவிடும், சில தயாரிப்புகளில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியே வரும். தலைகீழாகச் சேர்ந்த ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும் ஷார்ட் சர்க்யூட். வரிசைக்கு ஒரு பியூஸ் உள்ள போர்டுகளை மட்டுமே மேசையில் அனுமதிக்கிறோம்.

1எஸ்-களைத் தொடராகக் கோத்து 6எஸ் போல ஏற்றும் போர்டுகளும் உண்டு. அங்கே எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால் கொள்ளளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால் சார்ஜர் ஒவ்வொன்றின் வோல்டேஜையும் தனியே காட்டும். அது பக்க இணைப்பில் கிடைக்காத நன்மை. பக்க இணைப்பில் தெரிவது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே எண், நோயுற்ற செல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். எனவே பத்துச் சார்ஜிங் சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு பேட்டரியையும் தனியே ஏற்றி, ஏறிய எம்.ஏ.எச். எவ்வளவு, உள்தடை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளவும். தோழர்களைவிட உள்தடை கூடிய ஒன்று, வைத்த இடத்தில் தானாக வோல்டேஜ் குறையும் ஒன்று, சற்றே உப்பிய ஒன்று: மூன்றும் போர்டுக்கு ஆகாதவை. பறக்கவும் ஆகாது என்பதே என் கருத்து. அவற்றின் மின்னேற்றத்தைச் சிறு பல்பு வழியாக முழுவதும் வடித்து, முனைகளை டேப்பால் மூடி, பேட்டரி சேகரிப்பிடத்தில் சேர்க்கவும். உப்புநீரில் போடுவதை நம்ப வேண்டாம். முனைகள் அரித்துத் தொடர்பு அறுந்துவிட்டால், மின்னேற்றம் உள்ளேயே தங்கிவிடும்.

மேசையின் மேற்பரப்பு இப்போது செராமிக் ஓடு. பக்கத்தில் மணல் வாளி, தண்ணீர், புகை எச்சரிக்கை மணி. உலோகப் பெட்டி பயன்படுத்துவோர் மூடியின் ரப்பர் வளையத்தை எடுத்துவிடவும். வாயு வெளியேற வழியில்லாத பெட்டி வெடிக்கும். தீப்பிடித்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, பிறகு நிறையத் தண்ணீர். லிப்போவில் உலோக லித்தியம் இல்லை, தண்ணீர் அதைக் குளிரவைத்து அடுத்த செல்லுக்குப் பரவாமல் தடுக்கும். புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும், தீயை அணைக்க நின்று போராடாமல் எல்லோரும் வெளியேற வேண்டும். அறை வெப்பம் 45 டிகிரியைத் தாண்டினாலோ பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலோ சார்ஜிங் கிடையாது. ஏற்றும்போது உரியவர் அறையை விட்டு வெளியே போகக் கூடாது, தேநீருக்குக்கூட.

பறக்காமல் எஞ்சியவற்றை 3.80–3.85 வோல்ட்டுக்கு வடித்துச் சேமித்து வைப்பதற்கும் போர்டு உதவும். ஆனால் சிறு சார்ஜர்களின் வடிக்கும் திறன் சில வாட்தான். ஆறேழு நிறைந்த பேட்டரிகளுக்கு வெகுநேரம் ஆகும், அதையும் கணக்கிட்டு வரவும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள் மூன்று. ஒவ்வொரு பேட்டரிக்கும் எண்ணும் முதல் பயன்பாட்டுத் தேதியும் ஒட்டப்பட வேண்டும். மேசையில் நிரந்தரமாக ஒரு செல் வோல்டேஜ் மீட்டர் கயிற்றில் கட்டி வைக்கப்பட வேண்டும். பறக்கும் நாள் ஒவ்வொன்றுக்கும் மேசைப் பொறுப்பாளர் ஒருவர் பெயர் முன்கூட்டியே பலகையில் எழுதப்பட வேண்டும். அந்த நாளில் அவர் சொல்வதே முடிவு, மூத்த உறுப்பினர்களுக்கும்கூட. இவற்றைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்