டேங்கைச் சுமந்தால்தான் ஆளா? பெரம்பலூர் மாவட்ட உழவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரம்பலூர் மாவட்டத்து மானாவாரி உழவர்களுக்கும், ஊர்தோறும் உள்ள விவசாயிகள் சங்கத்தினருக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கப்போகும் நாட்களும், மக்காச்சோளக் குருத்தில் படைப்புழுவுக்கு மருந்தடிக்கும் நாட்களும் நம் பக்கத்தில் ஒன்றாகவே வருகின்றன. அந்த நாட்களுக்கு முன்பாக உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். பதினெட்டு வயது நிறையாத எந்தப் பிள்ளையின் முதுகிலும், அவன் உங்கள் மகனாக இருந்தாலும் கூலிக்கு வந்தவனாக இருந்தாலும், பூச்சிமருந்து தெளிக்கும் டேங்கை ஏற்றாதீர்கள்.

பிள்ளைகள் காட்டுப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லும் நகரத்துக்காரனின் மடல் இதுவென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வேப்பந்தட்டை வட்டத்தில் இரண்டரை ஏக்கர் கரிசல் காட்டில் வளர்ந்தவன் நான். சின்ன வெங்காயத்தில் தாள் அறுக்கவும், வானத்தைப் பார்த்து விதைப்பு நாளைத் தள்ளிப்போடவும், மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் முறையில் தூக்கத்தை உதறிவிட்டு எழுந்து போய் மோட்டாரைப் போடவும் பதினைந்து வயதுக்குள் கற்றுக்கொண்டேன். அந்த வேலைகள் இல்லாமல் போயிருந்தால் நான் இன்னும் சோம்பேறியாகவும் இன்னும் கோழையாகவும் இருந்திருப்பேன். ஆகவே என் பேச்சு வேலையைப் பற்றியது அன்று, அந்த ஒரு வேலையைப் பற்றியது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் கூலி இரண்டு வகை, அரை ஆள், முழு ஆள். களை எடுக்கவும் வெங்காயம் பிடுங்கவும் போகும் பையனுக்கு மீசை அரும்பினாலும் அரை ஆள் கூலிதான்; டேங்கைத் தூக்கி மருந்தடித்தால் மட்டும் அன்றைக்கே அவன் முழு ஆள். 2003 டிசம்பரில், பத்தாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில், அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. நெஞ்சுயரம் வளர்ந்திருந்த பருத்தி. சித்தப்பா டேங்கைத் தூக்கி என் தோளில் மாட்டிவிட்டு, "இனிமே நீ ஆளுடா" என்றார். பதினாறு லிட்டர் தண்ணீரும் டேங்கும் சேர்ந்து இருபது கிலோவுக்கு அருகில் வரும். என் எடை அப்போது நாற்பதைத் தாண்டியிருக்காது.

காலில் செருப்பில்லை. பாட்டில் மூடியால் மருந்தை அளந்து வேப்பங்குச்சியால் கலக்கினேன். டேங்கின் மூடியில் வாஷர் தேய்ந்திருந்ததால் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் மருந்துத் தண்ணீர் தளும்பி, சட்டையின் முதுகுப்பக்கம் முழுவதும் நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. மருந்து பீய்ச்சும் முனையான நாசில் அடைத்தபோது, பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருந்தபடியே, அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். ஏக்கருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்கு ஓடும். ஒன்பதாவது டேங்கில் வாயில் எச்சில் நிற்காமல் ஊறியது. வெயிலின் வேலை என்று நினைத்து ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டு மீண்டும் இறங்கினேன். வரப்பில் விழுந்ததும், நண்பகலில் எல்லாம் மங்கலாகத் தெரிந்ததும், என் கண்மணி கடுகளவாகச் சுருங்கியிருப்பதைப் பார்த்து அம்மா அலறியதும் நினைவில் இருக்கின்றன. மற்றதெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தவை. அரசு மருத்துவமனையில் அட்ரோபின் என்ற முறிமருந்தை ஊசியாகப் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். ஊருக்குத் திரும்பியபோது என்னைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் முதலில் கேட்டது, காட்டில் மிச்சம் எத்தனை டேங்கு என்பதைத்தான். அவர் கெட்டவர் அல்லர், எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

அன்று எனக்கு நேர்ந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. நான் அன்று அடித்தது ஆர்கனோபாஸ்பரஸ் என்ற பூச்சிக்கொல்லி வகை. அந்த வகை மருந்து உள்ளே போக வாய் தேவையில்லை, நனைந்த சட்டை போதும். நரம்பு தசைக்கு அனுப்பும் ஏவல் முடிந்ததும் அதை அணைத்துவிட உடலில் ஒரு நொதி உண்டு. இந்த மருந்து அந்த நொதியை முடக்குகிறது, ஏவல் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எச்சில், வியர்வை, நடுக்கம், மூச்சுத்திணறல் எல்லாம் அதனால் வருபவை. முடங்கிய நொதி பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அடுத்த வாரமே மறுபடி டேங்கைத் தூக்குகிறவன் முதல் பாதிப்பின் மேல் இரண்டாவதையும் ஏற்றிக்கொள்கிறான். பிள்ளைகளுக்கு எடையும் குறைவு, நரம்பு மண்டலமும் வளர்ந்து முடியவில்லை. பெரியவர் உடம்பு தாங்கும் அளவை அவர்கள் உடம்பு தாங்காது. (இதையெல்லாம் 'மருந்து' என்று அழைக்கப் பழகிவிட்டோம், கடைக்காரரும் செடிக்கு என்ன நோவு என்று வைத்தியரைப்போலவே கேட்கிறார்.)

"அது அந்தக் காலம்" என்பீர்கள். இந்தக் காலம் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம் என்பது என் கணிப்பு. கைப்பம்பு இருந்தவரை நாள் முழுவதும் நெம்புகோல் அடிக்கக் கையில் வலு வேண்டும் என்பதால், சின்னப் பையன்கள் தாமாகவே கழிந்துபோனார்கள். இப்போது பேட்டரி டேங்கு. பட்டனை அழுத்தினால் போதும், எட்டாம் வகுப்புப் பையனும் அடிப்பான். அதோடு 2018இல் படைப்புழு வந்து நம் மாவட்டத்து மக்காச்சோளத்தைச் சூறையாடிய பிறகு, ஒரு காலத்தில் உரம் மட்டும் கேட்ட பயிர் இன்று குருத்துக் குருத்தாக மருந்து கேட்கிறது. பயிர் ஆளுயரத்தைத் தாண்டிவிட்டால் மேல்நோக்கி அடித்த மருந்து பனிபோலத் திரும்பி அடிப்பவன் முகத்தில்தான் இறங்கும். பையன் குட்டையாக இருந்தால் இன்னும் கூடுதலாக இறங்கும். 2017இல் மராட்டிய மாநிலம் யவத்மாலில் உயரமாக வளர்ந்த பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியை நாடே படித்தது. அதே ஆண்டு நம் பெரம்பலூரிலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். அந்த வீடுகள் இருக்கும் ஊர்களை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாகவில்லை என்ற உங்கள் வருத்தம் பொய்யன்று. எங்கள் வீட்டிலும் அதே கணக்குத்தான். ஆனால் அந்தப் பற்றாக்குறையைப் பத்தாம் வகுப்புப் பையனின் ஈரலையும் நரம்பையும் வைத்து ஈடுகட்டுவது கணக்காகாது. சொந்தக் காட்டில் மகன் அடித்தால் தகப்பன் வரப்பிலாவது நிற்பார். நிலமில்லாத வீட்டுப் பையன் செல்போன் வாங்குவதற்காக டேங்குக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, விடுமுறை நாட்களில் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிறான். அவனை வேலைக்கு அழைக்கும்போது வயதைக் கேட்க வேண்டியவர் நிலத்துக்காரரே. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம், அதுவும் ஆபத்தில்லாத வேலையில் மட்டும் என்றும், பதினெட்டு வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்றும் 2016இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்து நிறுத்துங்கள் என்று கேட்க எனக்கு விருப்பமில்லை. வரப்பில் நின்று சட்டப்பிரிவைப் படித்துக் காட்டியவரை நான் பார்த்ததே இல்லை.

நான் கேட்பது நம் கைக்கு எட்டும் காரியம்தான். அக்டோபர் 2 அன்று ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. நம் ஊரில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் மருந்து கலக்கவோ, அடிக்கவோ, காலி பாட்டிலைக் கழுவவோ விடமாட்டோம் என்று சங்கத்தின் சார்பில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். ஊருக்கு நான்கைந்து பெரியவர்களுக்கு முறையாகப் பயிற்சி அளித்து, கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டையோடு அவர்களே எல்லார் காட்டிலும் முறைவைத்து அடிக்கும்படி செய்யலாம். பயிற்சிக்கு வெகுதூரம் போகவேண்டாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வேப்பந்தட்டையிலேயே இருக்கிறது.

பையனை எப்போது 'ஆள்' என்று ஒப்புக்கொள்வது என்ற கேள்விக்கு என் அப்பா ஒரு விடை வைத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் என்னை டேங்கைத் தொடவிடவில்லை. மாசி மாதம், பத்து மூட்டைப் பருத்தியோடு என்னைத் தனியாக ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்துக்கு அனுப்பினார். மூட்டையைப் பிரித்துப் பஞ்சை இழுத்துப் பார்த்து ஈரம் என்று விலையைக் குறைக்கப் பார்த்த வியாபாரியிடம், மூன்று நாள் களத்தில் காய்ந்த பருத்தி இது என்று நான் வாதாடினேன். குரல் நடுங்கியது, ஆனாலும் விடவில்லை. இரவு வீட்டுக்கு வந்து பணத்தைக் கொடுத்தபோது, அப்பா அதை எண்ணாமல் அம்மாவிடம் நீட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் முதல் வரவுசெலவு நோட்டு என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வேப்பந்தட்டை வட்டத்து உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன்