சனிக்கிழமை லேப் கணினிகளுக்குப் புது இமேஜ்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனி காலை 9 மணிக்கு மூன்று லேப்களிலும் புது இமேஜ் (இயங்குதளமும் மென்பொருள்களும் சேர்ந்த முழு நகல்) ஏற்றுகிறோம். பென்டிரைவ் தேவையில்லை, கணினியை நெட்வொர்க்கிலிருந்தே தொடங்கும் நெட்வொர்க் பூட் வழியாக, இமேஜ் வைத்திருக்கும் ஃபாக் சர்வரிலிருந்தே இறங்கும்.

1. டிஸ்க் முழுவதும் அழியும், டி டிரைவும் சேர்த்து. மாணவர்களின் ப்ராஜெக்ட் ஃபைல்களை வெள்ளி மாலை 4 மணிக்குள் எடுத்துவிடச் சொல்லுங்கள்.
2. பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) பிஎக்ஸ்இ பூட் (நெட்வொர்க் பூட்) ஆன், செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்படாத பூட்டைத் தடுக்கும் வசதி) ஆஃப்.
3. லேன் கேபிள் கட்டாயம்.
4. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் மல்டிகாஸ்ட் முறை என்பதால் ஒரு லேப்பின் கணினிகள் எல்லாம் ஒன்றாகத் தொடங்க வேண்டும். ஒன்று பின்தங்கினால் மற்றவையும் காத்து நிற்கும்.
5. திரை டிஹெச்சிபி வரியிலேயே (கணினி தன் நெட்வொர்க் முகவரியான ஐபியைக் கேட்கும் இடம்) நின்றால் முதலில் கேபிளைப் பாருங்கள். அப்புறம், யாராவது சொந்த வைஃபை ரூட்டரைச் செருகியிருக்கிறார்களா என்று பார்த்துக் கழற்றுங்கள். அது தவறான ஐபி கொடுத்துவிடும்.

போன முறை, இமேஜ் எடுத்த மாதிரிக் கணினியில் ஒரு மாணவியின் மின்னஞ்சல் லாகின் அப்படியே இருந்துவிட்டது. எந்தக் கணினியைத் திறந்தாலும் அவருடைய இன்பாக்ஸ். அந்தப் பிள்ளை கலங்கி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. இம்முறை சிஸ்பிரெப் (இமேஜ் எடுக்கும் முன் விண்டோஸைத் தயார்செய்யும் கருவி) ஓட்டுவதற்கு முன் இருவர் சரிபார்ப்போம். ஒருவர் நான், இன்னொருவர் யார் வருகிறீர்கள்?

உங்கள் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களின் பெயர், பதிப்பு இரண்டையும் புதன் இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள். சனிக்கிழமை வர முடியாதவர்களும் சொல்லிவிடுங்கள்.