ஓடைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

இரண்டு மாதம் கழித்து உன்னிடமிருந்து ஒரு வரி. "மலை ஏரிக்குப் போகிறேன், யார் வேண்டுமானாலும் டிரவுட் மீன் பிடிக்க அனுமதி உள்ள ஓடையை எப்படிக் கண்டுபிடிப்பது அப்பா?" 'போகிறேன்' என்றுதான் எழுதியிருக்கிறாய், 'போகிறோம்' என்று இல்லை. சரி, கேட்டதற்குச் சொல்கிறேன்.

உயரக்கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, போட்ட வரைபடத்தை எடு. ஏரிக்குள் வந்து விழும் நீலக் கோடுகளையும், வெளியேறும் கோட்டையும் பார். உயரக்கோடுகள் நெருக்கியடித்தால் அங்கே அருவியும் பாறையும். அவை விலகும் இடத்தில்தான் மடு இருக்கும், மீன் நிற்கும். நில எல்லை வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள். தண்ணீர் பொதுவாக இருந்தாலும் கரை தனியாருடையதாக இருக்கலாம். உரிமம், தடை மாதங்கள் எல்லாம் அந்த ஓடை யார் பொறுப்போ அவர்களிடமே கேள். டிரவுட் முட்டையிடுவது ஓடைக் கூழாங்கல்லில். அதனால் ஏரியில் அனுமதி இருக்கும்போதே ஓடை மூடியிருக்கலாம்.

தனியாகப் போகாதே.

தெர்மாமீட்டர் எடுத்துக்கொள். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை மீன் நன்றாக இரை எடுக்கும். 20-ஐத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடு, திரும்ப விட்டாலும் அது பிழைப்பது கஷ்டம். வெயில் காலத்தில் ஏரியின் மேல்நீர் சூடாகித்தான் வெளியே வழியும், அப்போது மேலிருந்து இறங்கும் ஓடைதான் நல்லது. பனி உருகி வரும் ஓடையானால் பிற்பகலில் தண்ணீர் ஏறும். காலையில் தாண்டிய இடத்தை மாலையில் தாண்ட முடியாது. கையில் தடி இருக்கட்டும். எந்த ஓடை, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. சொல்ல ஆள் இல்லையென்றால் என்னிடம் சொல். தனியாகப் போகாதே.

ஒன்பது வயதில் உன் முதல் டிரவுட்டை, நான் சொல்லாமலே, கையை நனைத்துக்கொண்டு தொட்டாய். விலாவில் சிவப்புப் புள்ளி, ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம். செவுள் சீராக அசையும்வரை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்து, பிறகு விட்டாய். எனக்கு அவ்வளவு பெருமை. அத்தனை பொறுமைக்காரி அப்பாவுக்கு இரண்டு மாதம் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அன்று நீ ஏதோ கேட்க வாயெடுத்தாய். "பேசாதே, மீன் ஓடிவிடும்" என்றேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன். பாப்பா, கரையில் பேசுவது மீனுக்குக் கேட்காது. காற்றில் வரும் சத்தம் தண்ணீருக்குள் இறங்குவது மிகக் கொஞ்சம். மீனைக் கலைப்பது காலடி அதிர்வும், மேலே விழும் நிழலும்தான். அது எனக்கு அப்போதே தெரியும். அந்த வருஷம் வீட்டில் நடந்தது உனக்கும் தெரியும். அதைப் பற்றிக் கேட்டுவிடுவாயோ என்று பயந்துதான் உன் வாயை அடைத்தேன். நீயும் பேசாமலே பழகிவிட்டாய்.

டிரவுட் நீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும், அதனால் கீழிருந்து மேலே நடக்க வேண்டும். நான் வலையை எடுத்துக்கொண்டு உன் பின்னால் வருகிறேன். நீ பேசிக்கொண்டே நட. என்ன தேதி என்று மட்டும் எழுது.

அப்பா