டீசல் கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2020 ஏப்ரல் 1 அன்று வாகனப் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது மாருதி சுசூகி டீசல் கார்களையே கைவிட்டது. விற்பனையைத் தொடர்ந்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: இன்றைய டீசல் காரைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் பராமரிக்க என்ன செலவாகும், எத்தகைய ஓட்டத்துக்கு அது ஒத்துவராது என்பதை விற்கும் முன்பே எழுத்தில் கொடுங்கள்.

அம்பாசடர் டீசல் காலத்து எஞ்சினின் டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் ஓட்டுநரே சாலையோரத்தில் ஏர் எடுத்துவிடுவார். பம்ப், நாசில் வேலையை உள்ளூர்ப் பட்டறையே முடித்துத் தரும். அவை கக்கிய கரும்புகையை மறந்துவிட்டு நான் பேசவில்லை. அவற்றுக்குப் பின் வந்த, மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசலைத் தெளிக்கும் காமன் ரயில் எஞ்சின்கள், குறிப்பாக இன்னோவாவின் 2.5 லிட்டரும் ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டரும், டாக்சிகளாகப் பல லட்சம் கிலோமீட்டர் ஓடின. ஆகவே மின்னணுக் கட்டுப்பாடு வந்ததாலேயே ஆயுள் குறைந்துவிட்டது என்ற பேச்சு சரியன்று.

சிக்கல் புகைக்குழாய்ப் பக்கம் இருக்கிறது. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்காகப் பெரும்பாலான கார்களில் எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளிக்கிறது, சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓடினால்தான் அவ்வேலை முடிகிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் கடைக்குப் போய்வரவும் மட்டுமே ஓடும் காரில் அது பாதியில் நின்றுபோக, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவு கூடுவதைக் கண்டு மகிழ்பவருக்கு அது நீர்த்துப்போய், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் பேரிங்கைத் தேய்ப்பது தெரியாது. இன்னொன்று, கரி எரிந்தாலும் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. குறைந்த சாம்பல் தரும் ஆயிலுக்குப் பதிலாக விலை மலிவான ஆயிலை ஊற்றினால் வடிகட்டி விரைவில் அடைபடும். கையேட்டின் உட்பக்கங்களில் நீங்கள் இவற்றை அச்சிட்டிருக்கலாம். ஷோரூமில் யார் சொல்கிறார்கள்?

வாரண்டி முடிந்தபின் புது வடிகட்டியின் விலையைக் கேட்டு மலைத்துப்போகும் சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சின் மென்பொருளையும் மாற்றிக்கொள்கிறார்கள். அது சட்டவிரோதம்தான். ஆனால் உங்கள் மௌனத்துக்கும் அதில் பங்குண்டு, பி.எஸ். 6 எதைத் தடுக்க வந்ததோ அந்தப் புகை மீண்டும் தெருவுக்கு வருகிறது.

ஓட்டத்தில் எரியாத கரியைப் பட்டறையிலேயே எரித்து வடிகட்டியைச் சுத்திகரிக்கவும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் புதிதாக மாற்றினால் அதன் குறியீட்டை எஞ்சின் கணினியில் பதியவும் தேவையான கருவியும் தகவலும் நியாயமான கட்டணத்தில் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் அடங்கும். வடிகட்டி, இன்ஜெக்டர், டர்போ ஆகியவற்றின் இன்றைய விலையையும், உதிரிபாகங்கள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்ற உறுதியையும் விலைப்புள்ளித் தாளிலேயே அச்சிடுவதிலிருந்து நீங்கள் தொடங்கலாம்.

இப்படிக்கு,
டீசல் கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர்