அக்காவிடம் கொள்கை பேசாதே, தூக்கத்தைப் பற்றிக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா சேர்ந்திருக்கும் குழுவின் போதனைகளை வரிக்கு வரி மறுத்து நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கும்போது அதை அவள் கையில் கொடுக்கப்போவதாகச் சொல்கிறாய். அந்தக் காகிதங்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. நீ எழுதியது அத்தனையும் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவளை அங்கே பிடித்து வைத்திருப்பது அந்தப் போதனை இல்லையே.

அமெரிக்கப் போதகர் ஜிம் ஜோன்ஸ் தன் சபையோடு குடியேறிய ஜோன்ஸ்டவுனைப் பார். 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சுமார் 300 பேர் பிள்ளைகள். 'தலைவர் சொன்னார், விஷத்தைக் குடித்துவிட்டார்கள்' என்று ஊரெல்லாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த ஒரு மாலைக்குப் பின்னால் இருபது ஆண்டு வேலை இருக்கிறது. ஜிம் ஜோன்ஸ் 1950களில் இண்டியானாபொலிஸில் சபை தொடங்கியபோது கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார், பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். நல்லது நடக்கிறது என்று நம்பித்தான் மக்கள் வந்தார்கள். அப்புறம்தான் கேட்கத் தொடங்கினார். முதலில் வருமானத்தில் ஒரு பங்கு, பிறகு சம்பளம் முழுவதும், பிறகு வீடு. கூட்டத்தில் எழுந்து நின்று தன் தவறுகளைச் சொல்ல வேண்டும், கூட இருப்பவரின் தவறுகளையும் சொல்ல வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். செய்யாத குற்றத்தை, பெற்ற பிள்ளையிடமே தவறாக நடந்ததாகக்கூட, எழுதிக் கொடுத்தார்கள். வெளியே போக நினைப்பவரை நிறுத்த அந்தத் தாள்கள் போதும்.

கயானா போனதும் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன. பகலெல்லாம் வயல்வேலை, அரைவயிற்றுச் சாப்பாடு, இரவில் கூட்டம், நேரம் காலமில்லாமல் ஒலிபெருக்கியில் ஜோன்ஸின் குரல். 'வெள்ளை இரவு' என்று பெயர் வைத்து நள்ளிரவில் எழுப்பி, எதிரி வந்துவிட்டான் என்றார்கள். விஷம் என்று சொல்லிக் குடிக்கவும் வைத்தார்கள். பிறகு, இது வெறும் சோதனை என்றார்கள். மனசு அதை விசுவாசச் சோதனை என்று எடுத்துக்கொண்டது, கைக்கும் வாய்க்கும் அது ஒத்திகை ஆனது.

கடைசி நாளில் பச்சைக் குழந்தைகளின் வாயில்தான் முதலில் விட்டார்கள். பிள்ளை போன பிறகு தாய் யாருக்காக ஓடுவாள்? சுற்றிலும் ஆயுதம் ஏந்திய காவல். அன்றைய ஒலிப்பதிவில் ஒரு பெண் எழுந்து, குழந்தைகள் வாழ வேண்டியவர்கள் என்று தனியாளாக வாதாடுவது கேட்கிறது. கூட்டமே கத்தி அவள் குரலை அடக்கியது. அதைத் தற்கொலை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மறுக்க முடியாத குழந்தைகளுக்குக் கொடுத்த விஷம் கொலை.

அக்கா படித்தவள், இப்படியெல்லாம் ஏமாற மாட்டாள் என்று உன் அம்மா சொல்கிறாரா? ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக்குழுவில் விஞ்ஞானம் படித்தவர்களும் மருத்துவர்களும் இருந்தார்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுப் பைகளைக் குடை முனையால் குத்தியவர்களில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். 13 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து படுக்கையிலேயே கிடந்த ஒரு பெண் 2020இல் இறந்தார்.

ரயிலைவிட அதற்கு முந்தைய ஆண்டுகள்தான் நீ கவனிக்க வேண்டியவை. அந்தக் குழுவின் தலைவர் ஷோகோ அசஹாரா 1984இல் தொடங்கியது ஒரு யோகா வகுப்பு. 1988இல் பயிற்சியின்போது ஒரு சீடர் இறந்துபோனார். காவல்துறையிடம் சொல்லாமல் உடலை எரித்துவிட்டார்கள். அதைத் தெரிந்துவைத்திருந்த இன்னொரு சீடர் விலக நினைத்ததும் 1989 தொடக்கத்தில் அவரைக் கொன்றார்கள். அதே ஆண்டு நவம்பரில், குழுவை எதிர்த்த வழக்கறிஞரையும் அவர் மனைவியையும் ஒரு வயதுக் குழந்தையையும் கொன்றார்கள். கொல்வதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருந்தது: 'போவா'. இறப்பவரின் உயிரை மேலான நிலைக்கு அனுப்பும் திபெத்தியச் சடங்கின் பெயர் அது. மறைத்த ஒரு சாவு அடுத்ததைக் கேட்கிறது, அழகான ஒரு சொல் அதை மூடிவைக்கிறது. அக்கா பேச்சில் ஒரு கொடுமைக்குப் புதுப்பெயர் வந்தால் அன்றைக்கே குறித்து வை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். போதனையைப் பற்றி அவளுக்குத் தயார் பதில் இருக்கும், நூறு முறை பயிற்சி கொடுத்திருப்பார்கள். தினசரி வாழ்க்கையைப் பற்றி இருக்காது. எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள்? அடையாள அட்டையும் வங்கி அட்டையும் அவள் பையில்தான் இருக்கின்றனவா? உடம்பு சரியில்லாவிட்டால் யாரிடம் அனுமதி கேட்டு மருத்துவரைப் பார்ப்பாள்? இரண்டு நாள் வீட்டில் வந்து தங்க முடியுமா? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். பதில் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறாளா என்று மட்டும் கவனி. பக்கத்தில் யாராவது கட்டாயம் இருப்பார்கள்.

வாரம் ஒரு கடிதம், ஒரே கிழமையில் அனுப்பு. இன்னொருவர் பிரித்துப் படிப்பார் என்று வைத்துக்கொண்டு எழுது. தலைவரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், 'நாங்கள் அழுகிறோம்' என்பதும் வேண்டாம். சின்ன வயதில் நீங்கள் வளர்த்த நாயைப் பற்றி எழுது, வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று எழுது. அவள் பழைய பெயரையே எழுது. ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்துத் தேதி போட்டு வை. பதில் வராது, பரவாயில்லை. கேட்டால் பணமாகத் தராதே, அது அன்று மாலையே தலைவரிடம் போய்விடும். கண்ணாடி, மருந்து, செருப்பு என்று பொருளாக வாங்கிக் கொடு. கூட்டுச் சொத்து இருந்தால் அவள் கையெழுத்து எங்கெங்கே செல்லும் என்று இப்போதே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடு. அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்த ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசு. அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியாது.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று உன் மாமா சொன்னாராமே. 1970களில் அமெரிக்காவில் பெற்றோர் பணம் கொடுத்து ஆள் வைத்து அதைத்தான் செய்தார்கள். வண்டியில் ஏற்றி, அறையில் பூட்டி, நாள்கணக்கில் வாதாடினார்கள். சட்டப்படி அது ஆள்கடத்தல். 'உன் குடும்பம் உன்னைத் தாக்கும்' என்று தலைவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததை அவர்களே மெய்யாக்கினார்கள். பலர் தப்பி ஓடி மறுபடியும் குழுவுக்கே போனார்கள்.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படி. தலைவர் பலமாக இருக்கும்போதை விட, பிடி நழுவும்போதுதான் ஆபத்து அதிகம். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயான் செய்தியாளர்களோடு ஜோன்ஸ்டவுனுக்குள் போனது நவம்பர் 17. மறுநாள் அவரோடு கிளம்பியவர்கள் ஏறத்தாழ பதினைந்து பேர்தான். ஜோன்ஸுக்கு அதுவே தாங்கவில்லை. விமான ஓடுபாதையில் ரயானையும் இன்னும் நால்வரையும் சுட்டுக் கொன்றார்கள், அன்று மாலையே மற்றது நடந்தது. ரயான்மீது குற்றமில்லை, அவர் கேட்டு வந்தவர்களைக் காப்பாற்றப் போனவர். ஆனால் அதே நாள் காலையில் பதினொரு பேர் பிக்னிக் போவதாகச் சொல்லிவிட்டுக் குழந்தைகளோடு காட்டுவழியே நடந்து போய்விட்டார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். உகாண்டாவின் கனுங்குவில் 1999 டிசம்பர் 31 அன்று உலகம் முடியும் என்று ஒரு மதக்குழு சொன்னது, முடியவில்லை. கொடுத்த சொத்தைச் சிலர் திருப்பிக் கேட்டார்கள். 2000 மார்ச் 17 அன்று பிரார்த்தனைக் கூடத்தை மூடி எரித்தார்கள், நூற்றுக்கணக்கானோர் உள்ளே. கென்யாவின் ஷக்கஹோலாவில் பட்டினி கிடந்தால் இயேசுவைக் காணலாம் என்றது இன்னொரு குழு. 2023 முதல் 400க்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். குழந்தைகள்தான் முதலில் பட்டினி போடப்பட்டார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

ஆகவே ஒரு தேதி அறிவிக்கிறார்கள், ஒதுக்குப்புறமான இடத்துக்கு மொத்தமாக மாறுகிறார்கள், ஆயுதம் சேருகிறது, சாவைப் பற்றி ஒத்திகை நடக்கிறது, நீண்ட உண்ணாவிரதம் தொடங்குகிறது, தலைவருக்கு நோய் முற்றுகிறது, வழக்கு நெருங்குகிறது: இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் கடிதத்தோடு நிற்காதே. தேதி போட்ட குறிப்புகளோடு காவல்துறைக்குப் போ. உள்ளே பிள்ளைகள் இருந்தால் குழந்தைகள் நல அதிகாரிகளிடமும் போ. பள்ளிக்குப் போகிறார்களா, மெலிந்திருக்கிறார்களா, எத்தனை பேர் என்று சொல். கேமராவைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்காதே.

அவள் கிளம்பி வரும் நாளில் பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. இரவு இரண்டு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். 'எங்கே நிற்கிறாய், இதோ வருகிறேன்' என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காதே. முதல் சில வாரம் தூக்கமும் சாப்பாடும் போதும். எந்தச் சட்டையைப் போடுவது என்று முடிவெடுக்கக்கூடத் திணறுவாள், அவசரப்படுத்தாதே. அங்கே விட்டுவந்த தோழிகளுக்காக அழுவாள், அழ விடு. தலைவரைத் திட்டிக் காட்டாதே, சில நாள் அவளே அவருக்காகப் பரிந்து பேசுவாள். உன் தொலைபேசி எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றிவிடாதே. அவள் மனப்பாடமாக வைத்திருப்பது அந்த ஓர் எண்ணாகத்தான் இருக்கும்.

அன்புடன்