978 மீட்டர்தானேன்னு யாரையும் ஜீன்ஸோட அனுப்பிடாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல இங்கிலாந்து லேக் டிஸ்ட்ரிக்ட் பத்தின பயணக் கட்டுரை படிச்சேன். போட்டோ எல்லாம் அருமை, ஏரி, செம்மறி ஆடு, நீல வானம், குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஊட்டி உயரத்துல பாதிகூட இல்லாத குட்டி மலைங்க, ஜீன்ஸும் ஷூவும் போட்டுக்கிட்டு ஜாலியா ஏறி இறங்கிடலாம்னு ஒரு வரி வந்திருந்துச்சே, அது ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. அந்த மலைங்களுக்கு ஒண்ணரை மணி நேர தூரத்துல 11 வருஷமா குடியிருக்கேன், மாசம் ஒரு தடவையாவது போயிடுவேன், அந்த உரிமையில எழுதுறேன்.

உயரக் கணக்கு சரிதான். இங்கிலாந்துலயே உசரமான ஸ்காஃபெல் பைக்கே 978 மீட்டர்தான். சிக்கல் உசரத்துல இல்ல, காலுக்கு அடியில இருக்கு. மலைன்னா மேல போகப் போகப் பாறையும் காஞ்ச தரையுமா இருக்கும்னுதானே நெனப்போம், இங்க தலைகீழ், மேல தட்டையா இருக்குற இடத்துலதான் தண்ணி வடிய வழியில்லாம நிக்குது. செத்த பாசியும் புல்லும் அந்த ஈரத்துல முழுசா மக்காம, வருஷத்துக்கு சுமாரா 1 மில்லிமீட்டர்னு சேர்ந்து கறுப்பா கெடக்கும், அதைத்தான் பீட்னு சொல்றாங்க. ஒரு மீட்டர் ஆழம் கால் இறங்குச்சுன்னா 1000 வருஷம் பின்னாடி போயிட்டோம்னு வெச்சுக்கலாம்!

நான் அப்படிப் போனவதான். கெஸ்விக் பக்கம் ப்ளீபெரி ஃபெல்லுல ஆரம்பிச்சு ஹை சீட் வழியா ஹை டோவ் போற முகடு இருக்கு, ஹை சீட் வெறும் 608 மீட்டர். முதல் வருஷம், ஒண்ணும் தெரியாது, பளிச்சுனு பச்சையா மெத்தை விரிச்ச மாதிரி ஒரு இடம், அட இது நல்லாருக்கேன்னு வெச்சேன் பாருங்க காலை, தொடை வரைக்கும் உள்ள போயிடுச்சு. வீட்டுக்காரர் கையைப் புடிச்சு இழுத்ததுல நான் வந்துட்டேன், பூட்ஸ் வரல. அப்புறம் குப்புறப் படுத்துக்கிட்டு கையை விட்டுத் துழாவித்தான் எடுத்தோம். அந்தப் பச்சை மெத்தை ஸ்பேக்னம்னு ஒரு பாசி, தன் எடையைப் போல 20 மடங்கு வரைக்கும் தண்ணி குடிச்சு வெச்சிருக்குமாம். இப்போ அந்த நிறத்தைப் பாத்தாலே சுத்திப் போயிடுவேன். பஞ்சு மாதிரி வெள்ளையா ஆடுற காட்டன் கிராஸ் தெரிஞ்சாலும் அப்படித்தான். ஹெதர் செடி புதரா இருக்குற பக்கம் தரை கொஞ்சமாச்சும் தாங்கும். மேப்புல பேரைப் பாத்தே பாதி தெரிஞ்சுக்கலாம், மாஸ் (Moss)னோ மயர் (Mire)னோ முடிஞ்சா அங்க சேறுதான்.

நேரக் கணக்கும் இதுல அடிபடும். மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் கூட ஒரு மணி நேரம்னு நெய்ஸ்மித்னு ஒருத்தர் 1892ல சொன்ன கணக்கைத்தான் இன்னைக்கும் எல்லாரும் போடுறாங்க, ஆனா சேத்துல சுத்திச் சுத்திப் போற நேரம் அதுல கிடையாது. டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் விழுந்துடும், யோசிச்சுப் பாருங்க.

அடுத்தது வானிலை. அட்லாண்டிக்ல இருந்து வர்ற ஈரக்காத்து முதல்ல முட்டுற மலைங்கள்ல இதுவும் ஒண்ணு, அடிவாரத்து சீத்வெயிட்ல வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல மழை. பக்கத்துல ஹானிஸ்டர் கணவாய்ல 2015 டிசம்பர் 5 அன்னைக்கு 24 மணி நேரத்துல 341.4 மில்லிமீட்டர் கொட்டுச்சு. அதுக்காக நல்ல நாளே இல்லைன்னு சொல்லல, ஒரே நாள்ல எல்லாம் வரும்னுதான் சொல்றேன். காலைல வெயில், பதினோரு மணிக்கு மேகம் இறங்கி முன்னாடி போறவர் முதுகு தெரியாது, அப்புறம் சாய்வா மழை, திரும்ப வெயில். கீழ 14 டிகிரின்னா உச்சியில 7, 8தான் இருக்கும், அதுல காத்தடிக்கும்போது நனைஞ்ச ஜீன்ஸ் காலோட ஒட்டிக்கிட்டா ஜூன் மாசத்துலகூட விறைச்சுப் போற அபாயம் உண்டு. ஊருக்குச் சொல்ற வானிலையைப் பாத்துட்டுக் கெளம்பக் கூடாது, இங்கத்து வானிலைத் துறையான மெட் ஆஃபீஸ்ல மலைக்குன்னே தனி முன்னறிவிப்பு இருக்கு, அதுல மழையை விட காத்து வேகத்தை முதல்ல பாருங்க.

மாட்டிக்கிட்டா அவசர நம்பர் 999க்கு போன் போட்டு, முதல்ல போலீஸ் கேட்டு, அப்புறம் மலையில மாட்டுனவங்களைக் காப்பாத்துற மவுண்டன் ரெஸ்க்யூ கேக்கணும். வர்றவங்க எல்லாம் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், நம்மகிட்டயும் காசு வாங்க மாட்டாங்க. பள்ளத்தாக்குல சிக்னல் இருக்காது, அதனால ஒரு விசில், நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, திரும்ப ஊதணும்.

கட்டுரையைத் திருத்தி எழுதச் சொல்லல சார். கோடை லீவுக்கு இங்க பிள்ளைங்க வீட்டுக்கு வர்ற அப்பா அம்மாக்கள் உங்க இணைப்பை வெட்டி எடுத்துக்கிட்டு வர்றதை நானே பாத்திருக்கேன். அடுத்த ஞாயிறு இதையெல்லாம் ஒரு சின்ன பெட்டிச் செய்தியா போட்டீங்கன்னா போதும், கூடவே அந்தப் பச்சைப் பாசி போட்டோ ஒண்ணு, கலர்ல.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
வடக்கு இங்கிலாந்து